யூஹா லெய்விஸ்காவின் தேவாலயங்கள்: வெள்ளைச் சுவர்தானே, அதில் என்ன இருக்கிறது?

கட்டடக்கலை படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: “ஃபின்லாந்தின் யூஹா லெய்விஸ்கா கட்டிய சர்ச்சுகளைப் படத்தில் பார்த்தேன். வெள்ளைச் சுவர், குறுகலான கண்ணாடிப் பட்டைகள், தொங்கும் விளக்குகள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? அவரிடமிருந்து கற்றுக்கொள்ள உண்மையில் என்ன இருக்கிறது?”

சுருக்கமாகச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சூரியன் எங்கே நிற்கும் என்பதிலிருந்து அவர் கட்டடத்தைத் தொடங்கினார். சுவர் எங்கே வரும், எவ்வளவு நீளும், எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு முடிவாகின்றன. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூடாது, அது வந்து விழும் இடம் மட்டும் தெரிய வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் சாரம் இதுதான். இதைச் செய்வது எவ்வளவு கடினம், எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்பதை விவரமாகச் சொன்னால்தான் அந்த வெள்ளைச் சுவரின் மதிப்பு புரியும்.

முதலில் ஆளைப் பற்றி. லெய்விஸ்கா 1936-இல் ஹெல்சிங்கியில் பிறந்தார். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து 1963-இல் ஆர்க்கிடெக்ட் ஆனார். பெர்டெல் சார்னியோவுடன் சேர்ந்து செய்த கோவோலா நகர்மன்றம் 1968-இல் முடிந்தது, அதுதான் அவரை வெளியே தெரியவைத்த வேலை. 1970-களின் பிற்பகுதியிலிருந்து வில்ஹெல்ம் ஹெலாண்டர் அவருடைய அலுவலகப் பங்காளி. பியானோ நன்றாக வாசிப்பார். கட்டடக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் கலை எது என்று கேட்டால், ஓவியத்தையும் சிற்பத்தையும் விட்டுவிட்டு இசையைத்தான் சொல்வார். கட்டடம் ஓர் இசைக்கருவி, அதை வாசிப்பது வெளிச்சம் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. 1995-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை அவருக்கு முன் வாங்கியவர் ஜப்பானின் ததாவோ ஆண்டோ, பின் வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் பீட்டர் சும்தோர். மூவருமே வெளிச்சத்தைக் கையாள்வதில் பேர் பெற்றவர்கள். 2023-இல் லெய்விஸ்கா காலமானார்.

அவருக்கு ஏன் இத்தனை சர்ச் வேலை வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1960, 70-களில் ஃபின்லாந்து மக்கள் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு மளமளவெனக் குடிபெயர்ந்தார்கள். காட்டை வெட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. 1980 வாக்கில் நாட்டில் பத்தில் ஒன்பது பேர் லூத்தரன் திருச்சபை உறுப்பினர்கள். வருமான வரியோடு சேர்த்தே திருச்சபை வரியும் பிடிக்கப்படுவதால் புதிய புறநகர்ச் சபைகளிடம் பணம் இருந்தது. ஆராதனைக் கூடத்தோடு சபை மண்டபம், இளைஞர் அறை, குழந்தைகள் அறை, சமையலறை, அலுவலகம் எல்லாம் ஒரே கட்டடத்தில் வேண்டும். வேலையைப் பெரும்பாலும் வரைபடப் போட்டி வைத்துத்தான் கொடுப்பார்கள். போட்டியில் ஜெயிக்க இளம் ஆர்க்கிடெக்ட்டுக்குப் பழைய அனுபவம் தேவையில்லை, நல்ல யோசனை இருந்தால் போதும். லெய்விஸ்காவின் முக்கியமான தேவாலயங்கள் இந்த வழியில் வந்தவைதான்.

இனி வெளிச்சம். ஹெல்சிங்கி வட்டாரம் வட அட்சரேகை 60 பாகையில் இருக்கிறது. ஜூன் மாதம் சூரியன் உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 53 பாகைதான் ஏறும். மார்ச், செப்டம்பரில் 30 பாகை. டிசம்பர் கடைசியில் நண்பகலில் 6 பாகை மட்டுமே. குவோப்பியோ நகரம் இன்னும் வடக்கே இருக்கிறது, அங்கே டிசம்பர் நண்பகலில் 4 பாகைகூடத் தேறாது. ஓவுலுவில் 2 பாகைக்கும் கீழே. தலைக்கு மேல் வெயில் என்பது அந்த நாட்டில் கிடையாது. எப்போதும் பக்கவாட்டில்தான் வரும், நீளமாக வரும், கண்ணுக்கு நேராக வரும். கூரையில் ஓட்டை போட்டு வெளிச்சத்தை இறக்கும் ரோமாபுரி வழக்கம் இங்கே பாதி வருடம் பலிக்காது. சாதாரணமாகத் தெற்கே ஒரு பெரிய ஜன்னல் வைத்தால் கண் கூசும். பனி விழுந்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

லூத்தரன் ஆராதனை அங்கே வழக்கமாக ஞாயிறு காலை 10 மணிக்கு. அந்த நேரத்தில் ஹெல்சிங்கியில் சூரியன் எங்கே இருக்கும்? ஜூனில் கிழக்கிலிருந்து சற்றே தெற்கு நோக்கி நகர்ந்து, 40 பாகை உயரத்தில். மார்ச் நடுவில் கிட்டத்தட்டத் தென்கிழக்கில், 21 பாகை உயரத்தில். ஆராதனை முடியும் நேரத்துக்குள் அது தெற்கை நோக்கி இன்னும் பதினைந்து இருபது பாகை நகர்ந்திருக்கும். ஆக, ஒரு மணி நேர ஆராதனையில் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காது, பீடத்துச் சுவரின்மேல் மெதுவாக நடக்கும். முதல் ஞானப்பாட்டின்போது ஒரு சுவரின் ஓரத்தைத் தொட்ட வெயில், பிரசங்கம் முடியும்போது அடுத்த சுவருக்குப் போயிருக்கும். இதைத் தற்செயலுக்கு விடாமல் வரைபடத்திலேயே கட்டி வைத்தார் லெய்விஸ்கா.

எப்படிக் கட்டினார்? அவர் சுவரை ஒரே முழுச் சுவராக எழுப்புவதில்லை. பல துண்டுகளாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று நிறுத்துகிறார். துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்தில்தான் கண்ணாடி, தரையிலிருந்து கூரை வரை நிமிர்ந்த குறுகல் பட்டையாக. முன்னால் நிற்கும் சுவர், பின்னாலுள்ள கண்ணாடியை மறைக்கும். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து அடுத்த சுவரின் முகத்தில் விழும். நமக்குத் தெரிவது அந்த முகம் மட்டும்.

இந்த மறைப்பு எவ்வளவு கறாரான கணக்கு என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, அவருடைய வரைபடத்து அளவுகள் இல்லை. பக்கவாட்டில் கண்ணாடிக் கோடு ஒன்று ஓடுகிறது. அதிலிருந்து கூடத்துக்குள் 1 மீட்டர் நீட்டிக்கொண்டு, 1.5 மீட்டருக்கு ஒன்றாகச் சுவர்ப் பட்டைகள் நிற்கின்றன. இந்தப் பட்டைகளின் நுனிகளை இணைக்கும் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஒருவர் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் சுமார் 4.5 மீட்டர் தூரம் வரையுள்ள பட்டைகளுக்கு இடையில் மட்டும் கண்ணாடி கொஞ்சம் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் வெள்ளை முகங்களே, கண்ணாடி ஒரு விரற்கடைகூடத் தெரியாது. பட்டையின் நீளத்தை 1 மீட்டரிலிருந்து 60 சென்டிமீட்டராகக் குறைத்தால் அந்த 4.5 மீட்டர் 7.5 ஆகிவிடும், பாதிக் கூடத்துக்கு ஜன்னல் தெரியத் தொடங்கிவிடும். செலவைக் குறைக்க யாராவது சுவரைச் சற்றே குட்டையாக்கினால் மொத்த யோசனையும் குலைந்துபோவது இதனால்தான்.

இந்த உத்தியைக் காப்பியடித்துக் கட்டிய பல கட்டடங்களில் காணும் பிழை இன்னொன்று. கண்ணாடியைப் பீடம் நோக்கித் திருப்பி வைத்தால் சபையார் கண்ணிலிருந்து நன்றாக மறையும். ஆனால் சபையைப் பார்த்து நிற்கும் போதகரின் முகத்தில் அத்தனை வெளிச்சமும் நேராக அடிக்கும். அவர் கையிலிருக்கும் தாளை வாசிக்க முடியாமல் திணறுவார். உட்காருபவர், நிற்பவர், ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழு என்று ஒவ்வொருவர் கண்மட்டத்திலிருந்தும் தனித்தனியாகக் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எதிரே இருக்கும் பரப்பில் மிகப் பிரகாசமான இடத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் போகக்கூடாது என்பது வெளிச்ச வேலையில் இருப்பவர்கள் கைக்கொள்ளும் பொது அளவு. வெயில் அடிக்கும் பனிவெளி ஜன்னலில் தெரிந்தால் இது எளிதாக நூறு மடங்கைத் தாண்டிவிடும்.

வெள்ளை நிறம் அழகுக்காக வந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். உள்ளே வந்த வெளிச்சம் சுவரில் ஒரு முறை, எதிர்ச் சுவரில் ஒரு முறை, கூரையில் ஒரு முறை என்று மூன்று தடவை தெறித்த பிறகுதான் நடுவில் இருப்பவரின் பாட்டுப் புத்தகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். சுவர் 85 சதவீதம் திருப்பி அனுப்பும் வெள்ளையானால் மூன்றாம் தெறிப்புக்குப் பிறகு 61 சதவீதம் மிஞ்சும். அதே சுவர் மெழுகுவத்திப் புகையும் தூசியும் படிந்து 70 சதவீதத்துக்கு இறங்கினால் 34 சதவீதம்தான் மிஞ்சும். கண்ணுக்கு “கொஞ்சம் மங்கல்” என்று தோன்றும் சுவர், வெளிச்சத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடுகிறது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டாகவும் இருக்க வேண்டும். பளபளப்பு இருந்தால் வெளிச்சம் பரவாமல் கண்ணாடிபோல் ஒரே பக்கம் திரும்பி, சுவரில் ஜன்னலின் பிம்பமே தெரியும். மறைத்து வைத்த ஜன்னல் காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும்.

இந்த முறை முதலில் தெளிவாகத் தெரிவது ஓவுலுவிலுள்ள புனித தோமா தேவாலயத்தில், 1975. முழுமையாக விளைந்தது ஹெல்சிங்கியை ஒட்டிய வான்தா நகரின் மியூர்மாகி தேவாலயத்தில், 1984. அந்த மனையைப் பார்த்தால் யாருக்கும் தயக்கம் வரும். ஒரு பக்கம் ரயில்பாதையின் மண்கரை, மறுபக்கம் பிர்ச் மரங்கள் நிற்கும் பூங்கா, இரண்டுக்கும் நடுவில் நீளமான ஒடுங்கிய துண்டு நிலம். லோவுஹேலா ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில். ஆராதனைக் கூடத்துக்கு வேண்டிய அமைதிக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. லெய்விஸ்கா ரயில் பக்கத்தை மூடிய முதுகாக ஆக்கினார். செங்கல் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாதையை ஒட்டி நிற்கின்றன. பூங்காப் பக்கம் கட்டடம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து மரங்களுக்குள் கலந்துவிடுகிறது. ரயிலிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கவாட்டில் வைத்த சீட்டுக்கட்டின் ஓரங்கள்போல் சுவர் விளிம்புகள் கடந்து போகும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது வேறு: உயரமான வெண்சுவர்கள், பீடத்தருகே மெல்லிய நிறத்தில் நெய்த தொங்குதுணிகள், கண்ணாடிச் சந்தில் ஒரு கீற்றாக பிர்ச் மரத்தின் தண்டு.

மியூர்மாகியில் பீடத்துச் சுவரை நின்று பார்க்க வேண்டும். அது ஒரே தளம் இல்லை. வெவ்வேறு அகலம், வெவ்வேறு உயரம், வெவ்வேறு ஆழத்தில் நிற்கும் பல தளங்கள். மேகம் விலகும் நேரத்தில் முதலில் ஆழத்திலுள்ள தளம் பிரகாசமாகும், பிறகு முன்னால் இருப்பது. மேகம் மூடினால் அதே வரிசையில் அணையும். அப்போது சுவரின் ஆழமே மாறுவதுபோல் தோன்றும், முன்னால் நிற்பது பின்னால் போகும். ஃபின்லாந்தின் வானம் அடிக்கடி மாறும் வானம். அந்த மாற்றத்தையே கூடத்துக்குள் காட்டுகிற வேலை இது. தென் ஜெர்மனியின் பரோக் தேவாலயங்களை அவர் ஆழ்ந்து ரசித்தவர் என்பது இங்கே புரியும். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய டி வீஸ் போன்ற கோயில்களில் தூண்களுக்குப் பின்னே ஜன்னலை ஒளித்து வெண்சுண்ணாம்புச் சுவரில் வெளிச்சம் பரப்பியிருப்பார்கள். லெய்விஸ்கா அந்தப் பொன்முலாமையும் தேவதூதர்களையும் எடுத்துவிட்டு, ஒளித்து வைக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டார். நேர்கோட்டுத் தளங்களாகப் பிரிக்கும் பழக்கம் ஹாலந்தின் டி ஸ்டைல் இயக்கத்தை நினைவூட்டுவதாக விமர்சகர்கள் சொல்வார்கள், அதுவும் பொருத்தமே.

குவோப்பியோவின் மேன்னிஸ்தோ பகுதியிலுள்ள புனித யோவான் தேவாலயம் 1992-இல் முடிந்தது. என் பார்வையில் அவருடைய வேலைகளில் மிகச் சிறந்தது இதுதான். காரணம் நிறம். ஓவியர் மார்க்கு பேக்கோனென் இங்கே பீடத்துப் பக்கத்தில் நிறம் தீட்டியிருக்கிறார், ஆனால் சபையார் இருக்கையிலிருந்து அந்தப் பெயின்ட் தெரியாது. சுவர்த் துண்டுகளின் முதுகில், ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தில் நிறம் இருக்கிறது. வெயில் அதில் பட்டு, எதிரேயுள்ள வெள்ளைச் சுவருக்குத் தெறிக்கும்போது நிறத்தைச் சுமந்துகொண்டு போகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தால் அது வெள்ளைதான். ஆனால் அதன்மேல் ஒரு சாயல் மிதக்கும். மூடிய வானத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். வெயில் வந்தால் திடமாகும், வெயில் நகர்ந்தால் அடுத்த சாயலுக்கு இடம் விடும்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது: நிறம் வாங்கும் சுவர் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே சிறிது மஞ்சள் கலந்திருந்தால் நீலச்சாயல் செத்து அழுக்காகிவிடும். நிறப்பரப்புக்கும் வெள்ளைக்கும் தூரம் அதிகமானால் சாயல் கரைந்துபோகும், மிக நெருங்கினால் விளிம்பு தெரிந்து பெயின்ட் அடித்த சுவர்போல் ஆகிவிடும். இதைக் காகிதத்தில் தீர்மானிக்க முடியாது. உள்ளூர் வெயிலில் அட்டை மாதிரி வைத்து, நிறத்தாள் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் தேற வேண்டும். கம்ப்யூட்டரில் கணிக்கலாம், ஆனால் பல முறை தெறிக்கும் நிற வெளிச்சத்தில் கணிப்புக்கும் கண்ணுக்கும் இடைவெளி எப்போதும் உண்டு.

சரி, வெயிலே இல்லாத காலத்தில்? டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் சூரியன் எழுவதே ஒன்பதரை மணி வாக்கில். பத்து மணி ஆராதனை தொடங்கும்போது அது அடிவானத்துக்கு மேல் 2 பாகைகூட ஏறியிருக்காது, எதிரே ஒரு மரவரிசை இருந்தாலே மறைந்துவிடும். கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயம் நிறையும் நேரமும் அதுதான். அதனால்தான் லெய்விஸ்காவின் விளக்குகளைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. அவை கூரையிலிருந்து மெல்லிய கம்பியில், டஜன் கணக்கில், வெவ்வேறு உயரத்தில் தொங்கும். கூரைக்கும் தலைக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய கூரைபோல் அவை நிற்பதால், உயர்ந்த கூடத்தில் மனிதர் சிறுத்துப்போகாமல் இருக்கிறார். விளக்கு ஒவ்வொன்றிலும் வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும், பல்ப் நேராகக் கண்ணில் படாது. வெளிச்சம் கீழே புத்தகத்துக்கும் போகும், பக்கவாட்டில் வளையங்களையும் ஒளிரச் செய்யும். பகல் வெளிச்சத்துக்குச் செய்த அதே மறைப்புதான், சிறிய அளவில். இவற்றில் சில மாதிரிகளை ஆர்ட்டெக் நிறுவனம் விற்பனைக்கும் செய்கிறது.

இந்த விளக்குகள் இழை பல்புக்காக வடிவமைக்கப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரை படிப்படியாக இழை பல்புகளை நிறுத்திவிட்டதால் இப்போது எல்ஈடி போட்டாக வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. வெளிச்சம் மஞ்சளா வெண்மையா என்பதைக் குறிக்கும் நிற வெப்பநிலை 2700 கெல்வினுக்கு அருகில் இருக்க வேண்டும், நிறங்களைச் சரியாகக் காட்டும் ஆர்ஏ மதிப்பு 90-க்குக் குறையக்கூடாது. எல்லாவற்றையும்விட, பல்ப்பில் ஒளி வரும் புள்ளி பழைய இழை இருந்த உயரத்தில் இருக்க வேண்டும். அது இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கினால் வளையத்துக்குக் கீழே புள்ளி தெரிந்து கண்ணைக் குத்தும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருந்தாவிட்டால் மெழுகுவத்தி நேர ஆராதனையில் அத்தனை விளக்கும் சேர்ந்து துடிக்கும். 4000 கெல்வின் வெண்ணொளி பல்ப் வாங்கி மாட்டினால் கூடம் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும்.

ஒலியிலும் இந்தச் சுவர்கள் வேலை செய்கின்றன. நீண்ட இரண்டு இணைச்சுவர்கள் நேருக்கு நேர் நின்றால், கைதட்டும் ஓசை இடையில் மாட்டிக்கொண்டு படபடவென்று திரும்பத் திரும்பக் கேட்கும். துண்டுகளாக முன்னும் பின்னும் நிற்கும் சுவர் இதை உடைத்து ஓசையைச் சிதறடிக்கும். குழாய் ஆர்கனுக்கும் சபையார் பாட்டுக்கும் இரண்டு வினாடி அல்லது அதற்கு மேல் எதிரொலி நீண்டால் நன்றாக இருக்கும். பிரசங்கம் புரிய வேண்டுமானால் ஒன்று, ஒன்றேகால் வினாடி போதும். இரண்டையும் ஒரே கூடத்தில் சமாளிக்கப் பீடத்துப் பக்கம் ஓசையைத் திருப்பும் கெட்டியான பரப்பும், பின்பக்கம் ஓசையை உறிஞ்சும் பரப்பும் வேண்டும். சபை மண்டபத்தைக் கூடத்தோடு திறந்து இணைக்கும்போது கொள்ளளவு கூடி எதிரொலியும் மாறும், அதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

லெய்விஸ்காவுக்கு முன்னால் இதே மண்ணில் இந்த வெளிச்சத்தைத் தேடியவர்கள் உண்டு. எரிக் பிரிக்மான் துர்க்கு நகரில் 1941-இல் கட்டிய உயிர்த்தெழுதல் சிற்றாலயத்தில் பீடத்துச் சுவருக்குப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும். லெய்விஸ்காவின் நேர் மூதாதை என்று நான் சொல்வது அதைத்தான். கைஜா, ஹெய்க்கி சிரேன் தம்பதி 1957-இல் ஓத்தானியேமியில் கட்டிய மாணவர் ஆலயம் எதிர்த்திசை: பீடத்துக்குப் பின்னால் முழுக்கண்ணாடி, சிலுவை வெளியே காட்டுக்குள் நிற்கும். அங்கே இயற்கையே பீடச் சுவர். ஆல்வார் ஆல்டோ 1958-இல் இமாத்ராவின் வுவோக்சென்னிஸ்காவில் கட்டியதில் சுவர் வளைந்து, வெளிச்சத்தைப் பலவித ஜன்னல்களால் பிடிக்கிறது. ரெய்மா, ராயிலி பியெதிலா தம்பதியின் தாம்பரே காலேவா தேவாலயம், 1966, வளைந்த கான்கிரீட் சுவர்களுக்கிடையில் கூரை வரை உயர்ந்த கண்ணாடிப் பட்டைகள் கொண்டது. லெய்விஸ்காவோடு ஒப்பிட இது மிக நல்லது. காலேவாவில் கண்ணாடி தெரியும், பட்டையின் நிமிர்வே அங்கே பிரமிப்பு. மேன்னிஸ்தோவில் அதே நிமிர்வு, ஆனால் பட்டை கண்ணில் படாமல் சுவர் ஒளிரும். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் பிடிபடும்.

கட்டுமானத்தில் எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தகைய கட்டடத்துக்கு மூலைகள் ஏராளம். ஒரு பெட்டி வடிவக் கூடத்துக்கு நான்கு மூலை என்றால், இதற்குச் சுவரும் கண்ணாடியும் சந்திக்கும் நெட்டுக்குத்து இணைப்பே பல டஜன் வரும். ஒவ்வொன்றும் வெப்பம் கசியும் வழி. வெளியே மைனஸ் 25 டிகிரி, உள்ளே 20 டிகிரி, நானூறு பேர் மூச்சு விட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஈரம் குளிர்ந்த சட்டத்தில் படிந்து சொட்டும், உறையும், பெயின்ட்டை உரிக்கும். கண்ணாடிக்குக் கீழே வெப்பக் குழாய் ஓடவேண்டும் என்பதும், உயரமான பட்டையில் குளிர்காற்று வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்திருப்பவர் கழுத்தில் படும் என்பதும் அங்குள்ள பொறியாளர்களுக்குப் பழகிய விஷயம். அதை மறந்தால் கண்ணாடி ஓரத்து இருக்கைகள் எப்போதும் காலியாகவே இருக்கும்.

செங்கல் சுவர் கூரையைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் இடங்கள் இன்னும் அபாயம். அந்த நீட்சிக்கு இரண்டு பக்கமும் குளிர். மேல் விளிம்பில் பனி உருகி உள்ளே இறங்கினால், இரவில் உறைந்து செங்கல் முகத்தைத் தகடுதகடாகப் பெயர்த்துவிடும். தென் ஃபின்லாந்தில் ஒரே குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடக்கும். அதனால் சுவர்த் தலையில் நீர் வடியும்படி சரிவாக உலோகத் தகட்டு மூடி அவசியம், அதன் விளிம்பு சுவரைவிட்டு நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அழகுக்காக அந்த நீட்டலைக் குறைக்கும் ஆசை எல்லா ஆர்க்கிடெக்ட்டுக்கும் வரும். படிப்படியான கூரைகளிலும் இப்படித்தான்: உயர்ந்த கூரைப் பனி தாழ்ந்த கூரையில் சரிந்து குவியும், காற்றும் அந்த மூலையில்தான் பனியைச் சேர்க்கும். சதுர மீட்டருக்கு 200, 250 கிலோ என்று கணக்கிட்ட சுமை அந்த மூலையில் இரட்டிப்பாகலாம்.

பராமரிப்பில் செய்யும் சிறு மாற்றமே பெரிய சேதம் செய்யும். பீடத்தருகே ஒரு புரொஜெக்டர் திரை, சந்துக் கண்ணாடியில் வெயில் தடுக்கும் சாயப்படலம், ஜன்னல் ஓரத்தில் அடுக்கிய நாற்காலிகள் என்று ஒவ்வொன்றும் வெளிச்சத்தின் வழியை மறிக்கும். வெளியே நிற்கும் மரம் வளர்வதையும் கவனிக்க வேண்டும். கட்டி நாற்பது வருடத்தில் ஒரு தளிர்மரம் முழு மரமாகித் தென்கிழக்கை அடைத்துவிடும். பிர்ச் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பதால் தொந்தரவு குறைவு, ஊசியிலை மரமானால் வருடம் முழுக்க நிழல்தான். இன்று ஃபின்லாந்தில் லூத்தரன் உறுப்பினர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துவிட்டார்கள், சபைகளிடம் பணம் சுருங்கிவிட்டது. இந்தக் கட்டடங்களைப் புரிந்துகொண்டு பராமரிக்க ஆள் வேண்டும் என்ற கவலை நியாயமானது.

லெய்விஸ்காவின் இன்னொரு குணம், பழையவற்றுக்குப் பக்கத்தில் கட்டும்போது காட்டிய பணிவு. நாக்கிலாவில் எர்க்கி ஹுத்துனென் 1937-இல் கட்டிய உயர்ந்த வெள்ளைத் தேவாலயம் இருக்கிறது. அதன் அருகே 1970-இல் சபை மையம் கட்டியபோது அதைத் தரையோடு தாழ்த்தி வைத்தார். கிர்க்கோனும்மியில் இடைக்காலக் கல் தேவாலயத்துக்கு அருகே 1984-இல் கட்டிய சபை மையமும் அப்படியே, கோபுரத்தோடு போட்டி போடாது. வல்லிலா நூலகம், ஹெல்சிங்கியிலுள்ள ஜெர்மன் தூதரகம் ஆகியவற்றிலும் அதே சுவர், அதே வெளிச்ச முறைதான். ஆனால் நூலகத்தில் ஆட்கள் எல்லாத் திசையிலும் நடமாடுவார்கள், ஒரு திசை நோக்கி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மறைப்பு வித்தை முழுமையாகப் பலிப்பது எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கும் தேவாலயத்தில்தான்.

ஹெல்சிங்கிக்குப் போக வாய்ப்பிருந்தால், ஒரு நாளில் இரண்டைப் பார்க்கலாம். மியூர்மாகிக்கு மத்திய ரயில் நிலையத்திலிருந்து அந்த வழியாகப் போகும் வட்டப்பாதை ரயிலில் லோவுஹேலா வரை சுமார் இருபது நிமிடம், இறங்கினால் தேவாலயம் எதிரிலேயே. ஹெல்சிங்கியின் பாக்கிலா பகுதியில் 2002-இல் முடிந்த நல்ல மேய்ப்பன் தேவாலயத்திலும் பேக்கோனெனின் நிற வேலை இருக்கிறது. குவோப்பியோ தொலைவு, தனியாக ஒரு நாள் வேண்டும். மார்ச் கடைசியோ ஏப்ரல் தொடக்கமோ சிறந்த காலம்: தரையில் பனி மிஞ்சியிருக்கும், வானம் தெளிந்திருக்கும், சூரியன் போதுமான அளவு ஏறியிருக்கும், பனியிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் கூரையின் அடிப்பக்கத்தையும் தொடும். வாரநாளில் போனால் கதவு பூட்டியிருக்கலாம், சபையின் இணையப் பக்கத்தில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஞாயிறு பத்து மணி ஆராதனைக்கே போங்கள். நடுவரிசைக்குச் சற்றுப் பின்னால் உட்காருங்கள், ஆராதனை நேரத்தில் கேமராவை எடுக்காதீர்கள். முடிந்த பிறகு பீடத்தருகே சென்று திரும்பி நின்று கூடத்தைப் பாருங்கள். அதுவரை கண்ணில் படாத கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கையில் நோட்டு இருந்தால் ஒரு சுவர்த் துண்டின் நீளத்தையும் அடுத்த துண்டுக்குள்ள இடைவெளியையும் காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி அதை வரைந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கோடு இழுத்துப் பார்த்தால், மறைந்திருந்த கண்ணாடி எதனால் மறைந்தது என்பது உங்கள் தாளிலேயே தெரிந்துவிடும்.